பின் டயரின் வலது பக்கம் மட்டும் ஏன் தேய்கிறது?

கேள்வி: எனக்குப் பரமக்குடி பக்கத்தில் எமனேசுவரம். 100 சிசி பைக் வைத்திருக்கிறேன்; ஸ்போக் சக்கரம், ட்யூப் டயர். கைத்தறிச் சேலைக் கட்டுகளை ராமநாதபுரத்துக் கடைகளில் கொண்டுபோய்ப் போடுவது என் வேலை. வாரத்தில் நாலைந்து நாள் போக வர எழுபது, எழுபத்தைந்து கிலோமீட்டர் ஓடும். போன வருடம் மாற்றிய பின் டயர் 14,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. அதற்குள் நடுப்பகுதி தட்டையாகிவிட்டது. அதைவிட, வலது பக்கம் பட்டன் எல்லாம் மொட்டையாகிப்போய், இடது பக்கம் மட்டும் பாதிக்கு மேல் அப்படியே இருக்கிறது. இதே வண்டி வைத்திருக்கும் என் மாப்பிள்ளைக்குப் பின் டயர் 25,000 கிலோமீட்டரைத் தாண்டி ஓடியது. அவர் ஊருக்குள்ளேயே ஓட்டுகிறவர்.

பஞ்சர் கடைக்காரர் “இந்தக் கம்பெனி டயரே இப்படித்தான்” என்கிறார். மெக்கானிக் “வீல் அவுட்டு” என்கிறார். கூடப் பிறந்த அண்ணன் “காத்து நாற்பது பவுண்டு வை, டயரும் தேயாது, பெட்ரோலும் மிச்சம்” என்று சொல்லி, நாலைந்து மாதமாக அப்படித்தான் வைத்திருக்கிறேன். வெயில் காலத்தில் காற்றைக் குறைக்க வேண்டும் என்று சொல்கிறவர்களும் உண்டு. சேலைக் கட்டு இருபது கிலோ இருக்கும். வலது பக்கம் சைலன்சர் சுடும் என்பதால் இடது பக்கம்தான் தொங்கவிடுவேன். வீட்டுக்காரி பின்னால் ஒருபக்கமாகத்தான் உட்காருவார். இந்தப் பக்கம் முள் அதிகம், வருடத்துக்கு ஏழெட்டுப் பஞ்சராவது ஆகிவிடும்.

டயரைக் கழற்றித் திருப்பிப் போட்டு, மிச்சமிருக்கும் இடது பக்கத்தையும் ஓட்டி முடிக்கலாமா? ஒருவர் மொட்டை டயரில் புதிதாகக் கோடு வெட்டித் தருவதாகச் சொல்கிறார். அதைச் செய்யலாமா? ஒரு டயரில் எவ்வளவு தூரம் எதிர்பார்க்கலாம்?

— வாசகர், எமனேசுவரம், பரமக்குடி

பதில்: உங்கள் டயரில் இரண்டு விதமான தேய்மானம் இருக்கிறது. நடுவில் தட்டையானது ஒன்று, வலது ஓரம் மொட்டையானது இன்னொன்று. இரண்டுக்கும் காரணம் வேறு. ஒன்றாகச் சேர்த்துப் பார்ப்பதால்தான் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். டயர் கம்பெனியை முதலில் விட்டுவிடலாம். ரப்பர் மட்டமாக இருந்தால் டயர் முழுக்கச் சீக்கிரம் தேயுமே தவிர, ஒரு பக்கம் மொட்டையாகி மறு பக்கம் பாதிக்கு மேல் நிற்காது.

நடுப்பகுதியிலிருந்து தொடங்குகிறேன். பரமக்குடியிலிருந்து சத்திரக்குடி வழியாக ராமநாதபுரம் போகும் சாலை முழுக்கச் சமவெளி. சாய்த்துத் திரும்ப வேண்டிய வளைவு அபூர்வம். வண்டி நிமிர்ந்தே ஓடுவதால் டயரின் நடுவில் இருக்கும் ஒரு குறுகிய பட்டைதான் மணிக்கணக்காகத் தரையைத் தொடுகிறது. இஞ்சினின் இழுவை முழுவதும் பின் சக்கரம் வழியாகத்தான் சாலைக்குப் போகிறது. சுமையும் பின்னால் உட்காருகிறவரின் எடையும் அதன் மேல்தான். ஆகவே முன் டயர் ஒன்று முடிவதற்குள் பின் டயர் இரண்டு முடிவது சாதாரணம். இப்படி நேர்ச்சாலையில் ஓடும் வண்டியில் நடுப்பகுதி கொஞ்சம் தட்டையாவதை யாராலும் தடுக்க முடியாது. உங்கள் மாப்பிள்ளை ஊருக்குள் ஓட்டுகிறவர். சந்து சந்தாகத் திரும்பும்போது அவர் டயரின் ஓரங்களும் வேலை செய்கின்றன, வேகமும் குறைவு. அவருடைய கணக்கை உங்கள் கணக்கோடு ஒப்பிட வேண்டாம்.

தடுக்க முடிந்த தவறு அந்த நாற்பது பவுண்டு. காற்றை அளவுக்கு மேல் ஏற்றினால் டயர் நடுவில் உப்பிக்கொள்ளும். தரையைத் தொடும் இடம் இன்னும் குறுகும். அதே எடை குறைந்த இடத்தில் இறங்குவதால் நடு இன்னும் வேகமாகத் தேயும். பெட்ரோல் துளி மிச்சமாவது உண்மைதான், உருளும்போது டயர் மடங்குவது குறைகிறது அல்லவா. ஆனால் அந்த மிச்சத்தை டயர் செலவு தின்றுவிடுகிறது. அதைவிட முக்கியமானது, சடன் பிரேக் போடும்போது சாலையைப் பிடிக்கும் பரப்பு குறைவாக இருக்கிறது. குடும்பத்தை வைத்துக்கொண்டு ஓட்டும் வண்டியில் இந்தப் பேரம் வேண்டாம்.

காற்று குறைந்தால் இதற்கு நேர்மாறாக நடக்கும். நடு உள்வாங்கி, இரண்டு ஓரமும் சேர்ந்து தேயும். டயரைக் கையால் தடவிப் பார்த்தே இதைச் சொல்லிவிடலாம். நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம் அல்லது நேர்ச்சாலை. இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. ஒரே ஓரம் தேய்ந்திருந்தால் காற்றுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை.

சரியான அளவு உங்கள் வண்டியிலேயே எழுதியிருக்கிறது. செயின் கவரிலோ சுவிங் ஆர்மிலோ ஒட்டிய ஸ்டிக்கரில், அது கிழிந்துபோயிருந்தால் வண்டியோடு வந்த கையேட்டில் பாருங்கள். 100 சிசி வண்டிகளில் பெரும்பாலும் முன்னால் 25 பவுண்டு, பின்னால் தனியாகப் போகும்போது 28 பவுண்டை ஒட்டி இருக்கும். ஆள் ஏறினால் பின் டயருக்குத் தனி அளவு போட்டிருப்பார்கள்; இருபது கிலோ கட்டோடு போகும் நாளில் அந்தப் பெரிய அளவுக்குப் பக்கத்தில் வைப்பதே சரி. அந்த எண்ணை வண்டி செய்தவர்கள் எடையையும் டயரின் அகலத்தையும் கணக்குப் போட்டுத்தான் எழுதியிருக்கிறார்கள். அதைத் தாண்டி நம் இஷ்டத்துக்குப் பத்துப் பவுண்டு கூட்டவோ குறைக்கவோ ஒரு காரணமும் இல்லை.

அந்த அளவு குளிர்ந்த டயருக்கானது. காலையில் வண்டியை எடுக்கும் முன் பார்க்க வேண்டும். ராமநாதபுரம் போய்ச் சேர்ந்து, மத்தியான வெயிலில் பங்கில் நிறுத்திப் பார்த்தால் அளவு தவறாகத்தான் காட்டும். காலையில் 28 பவுண்டு வைத்த டயருக்குள் காற்றின் சூடு 30 டிகிரி கூடினால் அழுத்தம் ஏறக்குறைய 4 பவுண்டு ஏறும். டயர் செய்கிறவர்களுக்கு இது தெரிந்ததுதான். அந்த ஏற்றத்தையும் தாங்கும்படித்தான் டயர் செய்யப்படுகிறது. சூடாக இருக்கும்போது 32 காட்டுகிறதே என்று காற்றை இறக்கிவிட்டால், மறுநாள் காலையில் 24 பவுண்டில் கிளம்புவீர்கள்.

வெயில் காலத்தில் காற்றைக் குறைக்க வேண்டும் என்ற பேச்சும் இந்தக் குழப்பத்தில் பிறந்ததுதான். உண்மை நேர் எதிர். காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கி விரிகிறது. டயர் சூடாவது அந்த மடங்கலில்தான். சித்திரை வெயிலில் தார் ஏற்கெனவே கொதிக்கும்போது காற்றைக் குறைத்து, இருபது கிலோ கட்டையும் ஏற்றி ஐம்பது, அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுவது டயரை உள்ளிருந்து சமைப்பதற்குச் சமம். கோடையிலும் அதே அளவுதான், குளிர்ந்த டயரில்.

நல்ல கேஜ் ஒன்று சொந்தமாக வாங்கி வையுங்கள். சில நூறு ரூபாய்தான் ஆகும். ட்யூபில் பஞ்சரே இல்லாவிட்டாலும் மாதத்துக்கு இரண்டு மூன்று பவுண்டு தானாகக் கசியும். உங்களைப் போல ஓட்டுகிறவர் வாரம் ஒரு காலை பார்த்துவிட வேண்டும். வீட்டில் கால் பம்ப் இருந்தால் குளிர்ந்த டயரிலேயே காற்றைச் சரிசெய்யலாம். நைட்ரஜன் அடிக்கச் சொல்வார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அந்தக் காசுக்கு கேஜ் வாங்குங்கள்.

இனி வலது பக்கம். உங்கள் கடிதத்தில் காரணம் முக்கால்வாசி இருக்கிறது, நீங்கள் அதைக் காரணமாக எழுதவில்லை, அவ்வளவுதான்.

இருபது கிலோ கட்டை இடது பக்கம் தொங்கவிடுகிறீர்கள். வண்டியின் நடுவிலிருந்து ஒரு அடி தள்ளி அது தொங்குகிறது என்று வையுங்கள். வண்டி, நீங்கள், கட்டு எல்லாம் சேர்ந்து இருநூறு கிலோ வரும். மொத்த எடையின் மையம் இந்த ஒரு கட்டால் இடது பக்கம் மூன்று சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறது. வண்டி இடது பக்கம் விழாமல் நேராகப் போக வேண்டுமானால் அந்த மையத்தை மறுபடி டயருக்கு மேல் கொண்டுவந்தாக வேண்டும். நீங்கள் யோசிக்காமலே வண்டியை வலது பக்கம் இரண்டு டிகிரிக்குச் சற்று மேல் சாய்த்து ஓட்டுகிறீர்கள். கண்ணுக்குத் தெரியாத சாய்வு. பின்னால் வருகிறவர் பார்த்தால் ஒருவேளை சொல்லலாம்.

வீட்டம்மா ஒருபக்கமாக உட்காரும்போதும் கால் இரண்டும் இடது பக்கம்தான். அங்கும் அதே கணக்கு, அதே வலச் சாய்வு.

மூன்றாவது, சாலை. மழைநீர் வடிவதற்காக நம் தார்ச்சாலைகளுக்கு நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி மீட்டருக்கு இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் சரிவு வைப்பார்கள். நாம் இடது பக்கம் ஓட்டுகிறோம். பைக் என்றால் அதிலும் இடது ஓரம். சாலை இடது பக்கம் சரிந்திருக்க, வண்டி செங்குத்தாக நிற்க, டயரின் வலது பக்கம்தான் மேட்டுப் பக்கத்தைத் தொடும். இது ஏறக்குறைய ஒன்றேகால் டிகிரி. வலது பக்கம் ஓட்டும் நாடுகளில் இதே காரணத்தால் டயரின் இடது பக்கம் கொஞ்சம் முந்தித் தேய்வதைப் பார்க்கலாம். பரமக்குடியிலிருந்து ராமநாதபுரம் வரை 46.7 கிலோமீட்டரை 1,853 கோடி ரூபாயில் நான்கு வழிச்சாலையாக்க 2025 ஜூலை மாதம் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்திருக்கிறது. சாலை அகலமானாலும் இந்தச் சரிவு போகாது, தண்ணீர் வடிந்துதான் ஆக வேண்டும்.

நாலாவதாக, திருப்பங்கள். இடது பக்கம் ஓட்டும் ஊரில் இடது திருப்பம் குறுகியது, சட்டென்று முடிந்துவிடும். வலது பக்கம் திரும்பும்போது எதிர்ப் பாதையைத் தாண்டிப் பெரிய வளைவாகப் போகிறோம். ரவுண்டானாவில் சுற்றுவதும் வலச் சாய்வில்தான். சந்திப்புகள் குறைந்த உங்கள் பாதையில் இது சிறிய காரணம்.

பார்த்தீர்களா, எல்லாம் ஒரே பக்கத்தில் கூடுகிறது. சாலைச் சரிவு மட்டும் இருந்தால் டயரை உற்றுப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். கட்டின் சாய்வும் சேர்ந்து மூன்றரை டிகிரி ஆகும்போது, தரையைத் தொடும் பட்டை நிரந்தரமாக வலது பக்கம் நகர்ந்துவிடுகிறது. நாளுக்கு எழுபது கிலோமீட்டர், மாதக்கணக்கில். அதோடு நாற்பது பவுண்டு காற்றில் பட்டையும் குறுகிவிட்டது. இடது பக்கம் தரையைத் தொட வாய்ப்பே இல்லாமல் போயிருக்கிறது.

ஆகவே கட்டை முதலில் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். பின் சீட்டிலோ, அதற்குப் பின்னால் கேரியர் வைத்தோ, குறுக்கே படுக்கவைத்து ரப்பர் கயிற்றால் இறுக்கிக் கட்டலாம். முடிந்தவரை சீட்டோடு ஒட்டி, பின் சக்கர அச்சுக்கு மேலேயோ அதற்கு முன்னாலோ இருக்க வேண்டும். வால் பக்கம் தள்ளிப்போனால் முன் சக்கரம் லேசாகி ஹேண்டில் ஆடும். இரண்டாகப் பிரிக்க முடிந்தால் இரு பக்கமும் பத்துப் பத்துக் கிலோவாகத் தொங்கவிடலாம், வலது பக்கத்துக்குச் சைலன்சர் மேல் தகட்டுக் காப்போடு ஒரு கம்பிக் கூடை அடித்து. பட்டுச் சேலை கட்டில் இருந்தால் இந்தக் காப்பு இல்லாமல் வலது பக்கம் வைக்கவே வேண்டாம். ஒரு சேலை கருகினால் டயரில் மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும். வீட்டம்மாவுக்கு வசதிப்பட்டால் இரு பக்கமும் கால் போட்டு உட்காரலாம். டயரைவிட அவருடைய பாதுகாப்புக்கு அது நல்லது. சேலை கட்டிக்கொண்டு முடியாது என்றால் விட்டுவிடுங்கள், அந்தத் தூரம் குறைவுதான்.

மெக்கானிக் சொன்ன “வீல் அவுட்டு” பொய்யாக இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உங்களுக்கு அது நடந்திருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது, காரணம் அந்தப் பஞ்சர்கள்தான். நம் பக்கத்தில் சாலையின் இரண்டு ஓரமும் சீமைக்கருவேலம். விறகு லாரி போன தடத்தில் முள் கிடக்கும். ட்யூப் டயர் என்பதால் ஒவ்வொரு பின் பஞ்சருக்கும் சக்கரத்தைக் கழற்றி மாட்டுகிறார்கள். மாட்டும்போது அச்சின் இடது பக்க அட்ஜஸ்டரை ஒரு கோட்டிலும் வலது பக்க அட்ஜஸ்டரை அடுத்த கோட்டிலும் வைத்து நட்டை இறுக்கிவிட்டால், பின் சக்கரம் முன் சக்கரத்தின் பாதையில் ஓடாது. வண்டி கோணலாகவே ஓடும். செயின் டைட் வைக்கும்போதும் இதே தவறு நடக்கும்.

சுவிங் ஆர்மில் இருக்கும் கோடுகளை மட்டும் நம்ப வேண்டாம், எல்லா வண்டியிலும் அவை துல்லியமாக இருப்பதில்லை. நூல் பிடித்துப் பாருங்கள். எமனேசுவரத்தில் நூலுக்குப் பஞ்சமில்லை. முறுக்கேறிய, தொய்யாத நூலாக ஒரு ஐந்தாறு மீட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டாண்டு போடாமல் ஒருவர் வண்டியை நிமிர்த்திப் பிடித்துக்கொள்ள வேண்டும், ஹேண்டில் நேராக இருக்க வேண்டும். நூலின் நடுப்பகுதியைப் பின் டயரின் பின்பக்கமாகச் சுற்றி, தரையிலிருந்து நாலைந்து அங்குல உயரத்தில், இரண்டு நுனிகளையும் இரண்டு பக்கமும் முன் சக்கரத்தைத் தாண்டி இழுத்துக்கொண்டு போங்கள். ஸ்டாண்டு, கால் மிதி எதிலும் நூல் உரசக் கூடாது. முன்னால் நுனியைப் பிடித்திருப்பவர் நூலை வெளியே இருந்து மெல்ல உள்ளே கொண்டுவர, பின் டயரின் முன்பக்க விளிம்பை அது லேசாகத் தொடும் இடத்தில் நிறுத்த வேண்டும். இரு பக்கமும் அப்படி. இப்போது முன் டயருக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். இடது பக்கமும் வலது பக்கமும் ஒன்றாக இருந்தால் சக்கரங்கள் நேர். ஒரு பக்கம் இரண்டு மில்லிமீட்டர், மறு பக்கம் எட்டு மில்லிமீட்டர் என்றால் பின் சக்கரம் திரும்பியிருக்கிறது. அச்சு நட்டைத் தளர்த்தி, ஒரு பக்க அட்ஜஸ்டரை மட்டும் அரைத் திருகாகத் திருகி, மறுபடி பாருங்கள். நேரானதும் நட்டை இறுக்கி, செயினில் எவ்வளவு ஆட்டம் இருக்கிறது என்பதையும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். பிரேக் ராடும் பழைய இடத்தில் இருக்காது. கால் மணி நேர வேலை. ஒவ்வொரு பின் பஞ்சருக்குப் பிறகும் நூல் பிடிக்க நேரமில்லை என்றால், சுவிங் ஆர்ம் போல்ட்டின் நடுவிலிருந்து பின் அச்சின் நடுவரை இரு பக்கமும் டேப் வைத்து அளந்தாலாவது போதும்.

வண்டி சென்டர் ஸ்டாண்டில் நிற்கும்போது இன்னும் சிலவற்றைப் பார்த்துவிடலாம். பின் சக்கரத்தின் முன் விளிம்பையும் பின் விளிம்பையும் இரண்டு கையால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். டொக் டொக்கென்று ஆடினால் வீல் பேரிங்கோ சுவிங் ஆர்ம் புஷ்ஷோ போயிருக்கிறது. சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, அசையாத ஏதாவது ஒரு இடத்தில் பென்சிலை ஊன்றி ரிம்முக்குப் பக்கத்தில் நுனியைப் பிடித்தால் கோட்டம் தெரியும். ஸ்போக் கம்பி தளர்ந்திருந்தால் கோட்டம் எடுக்க வேண்டும். கையால் சுழற்றிய சக்கரம் இரண்டு மூன்று சுற்றாவது தானாக ஓட வேண்டும், பிரேக் லைனர் பிடித்துக்கொண்டிருந்தால் டயரும் தேயும், பெட்ரோலும் போகும். முன் டயரில் அலை அலையாக மேடும் பள்ளமும் தெரிந்தால் கோன் செட்டையும் ஃபோர்க்கையும் பார்க்கச் சொல்லுங்கள்.

முள் விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சீமைக்கருவேல முள் டயரில் ஏறினால் பெரும்பாலும் நுனி ஒடிந்து ரப்பருக்குள்ளேயே நின்றுவிடும். பஞ்சர் கடையில் ட்யூபுக்கு ஒட்டுப் போடுவார்கள், அவசரத்தில் டயரின் உட்புறத்தைப் பார்க்காமல் விடுவார்கள். இரண்டு நாளில் அதே முள் அதே இடத்தில் மறுபடி குத்தும். பழைய பனியன் துணி ஒன்றை டயரின் உட்புறம் முழுக்க இழுத்துத் தடவச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத முள்ளும் துணியில் சிக்கி நிற்கும். கையால் தடவினால் விரலில்தான் ஏறும். மெல்லிய முள் என்றால் காற்று ஒரேயடியாக இறங்காமல் நாள் கணக்கில் கசியும், அது தெரியாமல் பதினைந்து, பதினாறு பவுண்டில் பாரத்தோடு ஓட்டிக்கொண்டிருப்போம். வருடத்துக்கு ஏழெட்டுப் பஞ்சர் ஆகிற உங்களுக்கு இதில் சில பழைய முள்ளின் வேலையாகவே இருக்கலாம். டயர் மொட்டையாக ஆக முள் இன்னும் எளிதாக ஏறும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டயரைத் திருப்பிப் போடுவது பற்றி: டயரின் பக்கச்சுவரில் சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் திருப்பக் கூடாது. பட்டன் வடிவமும் உள்ளே ரப்பரை ஒட்டியிருக்கும் விதமும் அந்தத் திசைக்கானவை. மழைநீரை வெளியே தள்ளும் காடிகள் எதிர்த் திசையில் சரியாக வேலை செய்யாது. அம்பு இல்லாத டயரை, பாதி தேய்ந்த நிலையிலேயே திருப்பிப் போட்டு இரு பக்கத்தையும் சமப்படுத்தலாம். உங்கள் டயர் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது. வலது பக்கம் மொட்டை என்றால் திருப்பிப் போட்ட பிறகு அந்த மொட்டை இடது பக்கம் இருக்கும், இடது திருப்பத்தில் வழுக்கும். பின் டயரை முன்னால் மாற்றுவதும் வேண்டாம்.

கோடு வெட்டித் தருவதாகச் சொன்னவரிடம் போகவே போகாதீர்கள். லாரி டயர்களில் வெட்டுவதற்கென்றே அடியில் கனமான ரப்பர் விட்டுச் செய்கிற வகை உண்டு. பைக் டயரில் பட்டன் தேய்ந்த பிறகு அடியில் மிஞ்சுவது மெல்லிய ரப்பர், அதற்குக் கீழே நூல் அடுக்கு. வெட்டுகிற கத்தி அந்த நூலைத் தொட்டுவிட்டால் டயர் ஓடும்போது அந்த இடத்தில் வெடிக்கும். பார்வைக்குப் புதிது போல் இருக்கும் என்பதால் நம்பி வேகமாக ஓட்டுவீர்கள். அதுதான் எனக்கு அதிகம் பயமாக இருக்கிறது.

டயரை எப்போது மாற்ற வேண்டும் என்பதற்குச் சட்டமே அளவு சொல்கிறது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 94-ஆம் விதி இருசக்கர வண்டிக்குப் பட்டனின் ஆழம் 0.8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது. பக்கச்சுவரில் சின்ன முக்கோணமோ டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்துகளோ இருக்கும். அதற்கு நேரே காடிக்குள் பார்த்தால் ஒரு சிறு மேடு தெரியும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயர் முடிந்தது. டயரில் ஏதாவது ஒரு இடத்தில் வந்தாலும் முடிந்ததுதான், இடது பக்கம் எவ்வளவு மிச்சமிருந்தாலும் கணக்கில் வராது. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்கள் டயரை இப்போதே மாற்ற வேண்டும். நம் மாவட்டத்துக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். மாதக்கணக்காக மழை காணாத சாலையில் எண்ணெயும் தூசியும் படிந்திருக்க, முதல் மழை விழும்போது சாலை மிக மோசமாக வழுக்கும். அந்த நாளில் காடியில்லாத டயரோடு சத்திரக்குடி தாண்டி லாரிக்குப் பின்னால் பிரேக் போட நேரக் கூடாது.

புது டயர் வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருசக்கர வண்டி டயருக்கான ஐ.எஸ். 15627 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய டயரின் அளவையே வாங்குங்கள். அகலம் கூட்டினால் செயின் கவரில் உரசும். அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் எண் சுமை தாங்கும் திறன்: 42 என்றால் 150 கிலோ, 48 என்றால் 180 கிலோ. பழைய டயரில் இருந்ததைவிடக் குறைந்த எண்ணை வாங்கக் கூடாது. அடுத்து, பக்கச்சுவரில் நாலு இலக்கம். 2425 என்று இருந்தால் 2025-ஆம் வருடத்தின் 24-ஆவது வாரம் செய்தது. மதுரை மேலூர் பக்கம் வெள்ளரிப்பட்டியில் இருசக்கர வண்டி டயர் ஆலை இயங்குகிறது. அவ்வளவு பக்கத்தில் செய்தாலும் ஒரு டயர் கடை மாடியில் தகரக் கூரைக்கடியில் இரண்டு மூன்று வருடம் கிடந்தால் ரப்பர் இறுகிப்போகும். சில மாதங்களுக்குள் செய்ததைக் கேட்டு வாங்குங்கள். டயருக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது, பில் போட்டு வாங்குவதில் இப்போது பெரிய நஷ்டமில்லை. பில் இருந்தால்தான் டயரில் குறை வந்தால் கேட்க முடியும். டயரோடு ட்யூபையும் புதிதாகப் போட்டுவிடுங்கள். ஏழெட்டு ஒட்டுப் போட்ட ட்யூபைப் புது டயருக்குள் வைப்பது மறுபடி சக்கரத்தைக் கழற்ற வழி செய்வது.

ஓட்டும் பழக்கத்தைப் பற்றி இரண்டு வரி. பின் பிரேக்கை மட்டும் மிதித்துப் பழகியவர்களின் பின் டயர் சீக்கிரம் போகும். பிரேக் போடும்போது எடை முன்னால் பாய்கிறது, பின் சக்கரம் லேசாகி இழுபடுகிறது. இழுபடும் ஒவ்வொரு முறையும் ரப்பர் சாலையில் சுரண்டப்படுகிறது. இரண்டையும் சேர்த்துப் பிடியுங்கள். 2019 ஏப்ரலுக்குப் பிறகு விற்கப்படும் 125 சிசி வரையிலான வண்டிகளில், ஏ.பி.எஸ். இல்லையென்றால், பின் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் சி.பி.எஸ். இருக்கும். அந்தக் கேபிளைக் கழற்றிவிடச் சொல்கிறவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள்.

எவ்வளவு தூரம் எதிர்பார்க்கலாம் என்று கேட்டீர்கள். உங்கள் சாலை, உங்கள் பாரம் இரண்டையும் வைத்துப் பார்த்தால் பின் டயருக்கு 20,000 கிலோமீட்டர் நியாயமான எதிர்பார்ப்பு. 25,000 வந்தால் சந்தோஷப்படுங்கள், 30,000-க்கு ஆசைப்பட வேண்டாம்.

புது டயரின் மேல் அச்சிலிருந்து எடுக்கும்போது ஒட்டிய வழுவழுப்பு இருக்கும். முதல் நூற்றைம்பது கிலோமீட்டர் வரை சாய்த்துத் திருப்புவதும் சடன் பிரேக்கும் வேண்டாம். மாட்டிய அன்றே நூல் பிடித்துச் சக்கரத்தை நேராக்கி, ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குக் காற்று வைத்து, கட்டை நடுவில் கட்டி ஓட்டுங்கள். 3,000 கிலோமீட்டர் ஆனதும் மெக்கானிக்கிடம் வெர்னியர் வாங்கி, அதன் வால் கம்பியைக் காடிக்குள் இறக்கி, இடது ஓரம், நடு, வலது ஓரம் மூன்று இடத்திலும் ஆழத்தை அளந்து எழுதி வையுங்கள். இடதும் வலதும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் கட்டும் காற்றும் சக்கரக் கோணலும்தான் காரணம், மெக்கானிக்குக்கு வேறு வேலையில்லை. அப்போதும் வலது பக்கம் அரை மில்லிமீட்டருக்கு மேல் குறைவாகக் காட்டினால், நூலில் நேராகத் தெரிந்தாலும் சுவிங் ஆர்ம் முறுகியிருக்கலாம் அல்லது எப்போதோ விழுந்ததில் சேசிஸ் வளைந்திருக்கலாம். அதை ஜிக்கில் வைத்துப் பார்க்கும் பட்டறைக்கு வண்டியை எடுத்துப் போங்கள். அளந்து எழுதிய அந்தச் சீட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.